குளிர்ந்த காற்று, பழைய காற்று

மாசி கழியும்போதே சென்னையில் ஏ.சி. மெக்கானிக்குகளின் போன் ஓயாமல் அடிக்கத் தொடங்கிவிடும். வருகிற புகார்களில் முதலாவது, 'கூலிங் பத்தல'. இரண்டாவது, 'ஆன் பண்ணின உடனே ஒரு மாதிரி வாடை அடிக்குது, அப்புறம் போயிடுது'. முதல் புகாருக்கு உடனே ஆள் வேண்டும். இரண்டாவதை, 'வர்றப்ப அதையும் பாத்துடுங்க' என்று சேர்த்துச் சொல்வதோடு சரி. ஐந்து நிமிடத்தில் தானாகப் போய்விடுகிற வாடைதானே என்ற நினைப்பு.

அந்த வாடை எங்கிருந்து வருகிறது? ஐந்து நிமிடத்தில் எங்கே போகிறது? இரவெல்லாம் ஏ.சி. ஓடினாலும் முதல் சில நிமிடங்கள் மட்டும் ஏன் மூக்கில் படுகிறது? இந்தச் சின்னப் புதிரைப் பிடித்துக்கொண்டு போனால், வீட்டு ஏ.சி. என்ன செய்கிறது, எதைச் செய்வதாகப் பலரும் தவறாக நம்பியிருக்கிறார்கள் என்ற இரண்டும் விளங்கிவிடும்.

ஒரே காற்று, திரும்பத் திரும்ப

இன்று வீடுகளில் பெரும்பாலும் இருப்பது ஸ்ப்ளிட் ஏ.சி. உள்ளே சுவரில் ஒரு பெட்டி, வெளியே பால்கனியிலோ மொட்டை மாடியிலோ இன்னொரு பெட்டி, இரண்டையும் இணைக்கும் செம்புக் குழாய்கள். வெளிப்பெட்டி வெளிக்காற்றை இழுத்துக் குளிர வைத்து, குழாய் வழியாக அறைக்குள் அனுப்புகிறது என்று நினைப்பவர்கள் ஏராளம். அப்படி நடப்பதே இல்லை. அந்தக் குழாய்களில் ஓடுவது குளிரூட்டும் பொருள் மட்டும். ஆர்-32, ஆர்-410ஏ என்ற பெயர்களில் விற்கப்படும் அதைத்தான் மெக்கானிக்குகள் 'கேஸ்' என்கிறார்கள். உள்பெட்டியில் அது ஆவியாகும்போது அறையின் வெப்பத்தை வாங்கிக்கொள்கிறது. வெளிப்பெட்டியில் மீண்டும் திரவமாகும்போது அந்த வெப்பத்தை வெளியே விட்டுவிடுகிறது. அறையை விட்டுப் போவது வெப்பம் மட்டுமே. காற்று போவதும் இல்லை, வருவதும் இல்லை.

உள்பெட்டி இழுப்பது அறையில் ஏற்கெனவே இருக்கும் காற்றைத்தான். மேல்பக்கமாக நுழையும் காற்று முதலில் வலை போன்ற ஃபில்டரைக் கடக்கிறது. அடுத்து, மெல்லிய அலுமினியத் தகடுகளை நெருக்கமாக அடுக்கிய 'காயில்'. அதற்குப் பின்னால், நீண்ட உருளை வடிவில் சுழலும் 'ப்ளோயர்'. இந்த வரிசையில் கடந்து, கீழ்வாய் வழியாக அதே அறைக்குத் திரும்புகிறது. ஒன்றரை டன் ஏ.சி. ஒன்று முழு வேகத்தில் மணிக்கு ஏறக்குறைய 800 முதல் 1,000 கன மீட்டர் காற்றைப் புரட்டும். 10-க்கு 12 அடி படுக்கையறை, உயரம் 10 அடி என்றால், அதில் உள்ள காற்று மொத்தமே 34 கன மீட்டர்தான். ஆக, அறையின் முழுக் காற்றும் இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை அந்தக் காயிலைத் தொட்டுவிட்டு வருகிறது. காயிலில் எது குடியிருந்தாலும் அறையில் படுத்திருப்பவரின் மூச்சோடு அதற்கு உறவு உண்டு.

காயில் ஏன் நனைகிறது?

ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த சொம்பை மேசையில் வைத்தால் சற்று நேரத்தில் அதன் வெளிப்புறம் வியர்த்துவிடும். சொம்பு ஒழுகவில்லை, சுற்றியுள்ள காற்றில் கண்ணுக்குத் தெரியாமல் கலந்திருந்த நீராவிதான் குளிர்ந்த பரப்பில் பட்டு நீராகிறது. எந்த வெப்பநிலைக்குக் கீழே போனால் காற்றில் உள்ள ஆவி நீராகத் தொடங்குமோ, அதற்குப் பனிநிலை என்று பெயர். வெளியே 30 டிகிரி செல்சியஸ், ஈரப்பதம் 75 சதவீதம் என்ற சென்னையின் சாதாரண நாளில், ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 23 கிராம் நீர் இருக்கும். அந்தக் காற்றின் பனிநிலை 25 டிகிரி. ஏ.சி. காயிலோ 10 டிகிரியை ஒட்டி இருக்கும். நனையாமல் எப்படி இருக்கும்?

அறை 24 டிகிரிக்கும் 50 சதவீத ஈரப்பதத்துக்கும் வந்துவிட்டால், ஒரு கன மீட்டர் காற்றில் மிஞ்சுவது 11 கிராம் நீர்தான். மீதி காயிலில் படிந்து, தகடுகள் வழியாக இறங்கி, அடியில் உள்ள ட்ரேயில் சேர்ந்து, குழாய் வழியாக வெளியே சொட்டுகிறது. புழுக்கமான நாளில் ஒன்றரை டன் ஏ.சி. மணிக்கு ஒன்றிலிருந்து இரண்டு லிட்டர் வரை நீர் வடிப்பது சாதாரணம்.

ஏ.சி. பிறந்ததே இந்த வேலைக்காகத்தான். 1902-இல் நியூயார்க்கின் புரூக்ளினில் இருந்த ஓர் அச்சகத்தில், கோடை ஈரத்தில் காகிதம் உப்பியும் சுருங்கியும், ஒன்றன் மேல் ஒன்றாக அச்சிட வேண்டிய வண்ணங்கள் விலகிப் போயின. காற்றின் ஈரத்தைக் கட்டுப்படுத்த வழி கேட்டபோது, வில்லிஸ் கேரியர் என்ற இளம் பொறியாளர் குளிர்ந்த குழாய்களின் மேல் காற்றைச் செலுத்தி ஈரத்தைப் பிரிக்கும் அமைப்பை வடிவமைத்தார். மனிதருக்குச் சுகம் தருவது பிறகு வந்த பயன்.

ஈரத்தை நீக்குவதில் உடல்நலத்துக்கும் ஆதாயம் உண்டு. மெத்தையிலும் தலையணையிலும் வாழும் தூசிப்பேன்கள் நீர் குடிப்பதில்லை. காற்றிலிருக்கும் ஈரத்தையே உறிஞ்சி உயிர் வாழ்கின்றன. அறையின் ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் கீழே தொடர்ந்து இருந்தால் அவை வற்றி மடியும். ஆஸ்துமாவுக்கும் விடாத தும்மலுக்கும் முக்கியத் தூண்டுதல்களில் ஒன்று இவற்றின் கழிவு. அந்த வகையில் ஏ.சி. நல்லதே செய்கிறது. ஆனால், அறையிலிருந்து எடுத்த ஈரம் முழுவதையும் தன் வயிற்றில் வாங்கிக்கொண்டு செய்கிறது.

வாடையின் பிறப்பிடம்

இரவில் மொபைல் டார்ச்சை அடித்து, ஏ.சி.யின் காற்று வரும் வாய்க்குள் எட்டிப் பார்க்கலாம், ஏ.சி.யை அணைத்துவிட்டு. வளைந்த இறக்கைகள் வரிசையாகத் தெரியும், அதுதான் ப்ளோயர். இரண்டு கோடை சரியாகக் கழுவாமல் ஓடிய ஏ.சி. என்றால் இறக்கைகளின் ஓரத்தில் சாம்பல் நிறத்தில் தூசி மெத்தை கட்டியிருக்கும். அதன் மேலும், காற்றைத் திருப்பிவிடும் பிளாஸ்டிக் தகடுகளின் மேலும் கறுப்புப் புள்ளிகள் தெரிந்தால், அவை பெரும்பாலும் பூஞ்சை.

ஃபில்டர் இருந்தும் தூசி எப்படி உள்ளே போயிற்று? முடி, பஞ்சு, துணி இழை போன்ற பெரிய தூசியை நிறுத்துவதற்கானதே ஸ்ப்ளிட் ஏ.சி.யின் வலை. காயில் அடைபடாமல் காப்பதுதான் அதன் முதல் வேலை. மூச்சைக் காப்பதற்காக அது வடிவமைக்கப்படவில்லை. தலைமுடியின் தடிமன் 50 முதல் 80 மைக்ரான் வரை. நுரையீரலின் ஆழம் வரை போகக்கூடிய நுண்துகளான பி.எம். 2.5-இன் அளவோ 2.5 மைக்ரானும் அதற்குக் கீழும். பூஞ்சையின் வித்துகள் பெரும்பாலும் 2 முதல் 10 மைக்ரான். வலையின் கண்கள் வெறும் கண்ணுக்கே தெரிகிற அளவு பெரியவை. இந்த நுண்துகள்களுக்கு அவை திறந்த வாசல்.

உள்ளே நுழைந்த தூசியில் மனிதத் தோல் செதில்கள், துணி இழைகள், மண், சமையல் எண்ணெய்ப் புகை எல்லாம் உண்டு. அவை பூஞ்சைக்கும் பாக்டீரியாவுக்கும் உணவு. நீரோ நாள்தோறும் கிடைக்கிறது, வெளிச்சம் கிடையாது. கிளாடோஸ்போரியம், பெனிசிலியம், அஸ்பெர்ஜில்லஸ் போன்ற பூஞ்சைகள் இந்த இடத்தில் எளிதில் வேரூன்றும். பாக்டீரியாக்கள் தங்களைச் சுற்றி வழவழப்பான ஒரு பசையைச் சுரந்து கூட்டமாக வாழும். இதை உயிர்ப்படலம் என்கிறார்கள். ட்ரேயில் விரலை வைத்தால் வழுக்குவது அதுதான். வெறும் நீரோட்டத்துக்கு அது அசையாது.

வாடைப் புதிர் இங்கே அவிழ்கிறது. ஏ.சி.யை அணைத்தபின் காயில் மெல்லக் காய்கிறது. நுண்ணுயிர்கள் வெளிவிட்ட வாடை மூலக்கூறுகளும், அறையிலிருந்து வந்த சமையல் வாடை, வியர்வை வாடைகளும் உலர்ந்த தகடுகளில் ஒட்டிக்கொள்கின்றன. மறுபடி ஆன் செய்ததும் தகடுகளில் நீர் படியத் தொடங்குகிறது. நீர் மூலக்கூறுகள் வந்து இடத்தைப் பிடித்துக்கொள்ள, ஒட்டியிருந்த வாடை மூலக்கூறுகள் ஒரே நேரத்தில் கழன்று காற்றில் கலக்கின்றன. அதுதான் முதல் சில நிமிட வாடை. பிறகு வாடை வரத்து குறைகிறது. கூடவே மூக்கும் அந்த வாடைக்குப் பழகிவிடுகிறது. வெளியே போய்விட்டு அறைக்குத் திரும்புகிறவருக்கு மறுபடி தெரியும். வாடை போய்விட்டது என்பதால் அதன் மூலம் போய்விட்டதாக ஆகாது.

நோய்க்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

இது வெறும் அருவருப்பா, உடலுக்கும் தீங்கா? கனடாவின் மான்ட்ரியல் நகரில் நடந்த ஓர் ஆய்வு இதற்கு நேரடியாகவே விடை தேடியது. மூன்று அலுவலகக் கட்டடங்களின் மைய ஏ.சி. அமைப்புகளில், காயில் மீதும் நீர் சேரும் ட்ரே மீதும் படும்படி புற ஊதா விளக்குகளைப் பொருத்தினார்கள். 12 வாரம் விளக்கு அணைந்திருக்கும், 4 வாரம் எரியும். ஓர் ஆண்டில் மூன்று சுற்று. விளக்கு எப்போது எரிகிறது என்பது ஊழியர்களுக்கும் தெரியாது, அவர்களிடம் கேள்வி கேட்டவர்களுக்கும் தெரியாது. 771 பேர் பங்கேற்றார்கள்.

விளக்கு பட்ட பரப்புகளில் நுண்ணுயிர்களும் அவற்றின் நச்சும் 99 சதவீதம் குறைந்தன. வேலையிடத்தில் வரும் மூக்கு, தொண்டை, கண் எரிச்சல், மூச்சுத் தொல்லை போன்ற அறிகுறிகளும் சுமார் 20 சதவீதம் குறைந்தன. 2003-இல் 'தி லான்செட்' இதழில் வெளியான இந்த ஆய்வின் பலம் எதில் என்றால், அதே மனிதர்கள், அதே கட்டடம், அதே வேலை. மாறியது ஈரப்பரப்பின் சுத்தம் ஒன்றுதான். இதைப் படித்துவிட்டு வீட்டு ஏ.சி.க்குப் புற ஊதா விளக்கு வாங்க ஓட வேண்டியதில்லை. மறைவாகப் பொருத்தப்படாத அந்த ஒளி கண்ணையும் தோலையும் சுடும். விளக்கு செய்த வேலையை வீட்டில் தேய்த்துக் கழுவினாலே செய்துவிடலாம்.

கடுமையான பாதிப்புகளும் பதிவாகியுள்ளன. 1970-இல் அமெரிக்க மருத்துவர்கள் ஓர் அலுவலகத்தின் ஊழியர்கள் சிலருக்கு வந்த நுரையீரல் அழற்சியை ஆராய்ந்து, அங்கிருந்த ஏ.சி.யில் வளர்ந்த நுண்ணுயிர்களே காரணம் என்று கண்டறிந்தார்கள். இந்த ஒவ்வாமை அழற்சியில், மாசுபட்ட காற்றைச் சுவாசித்த சில மணி நேரத்தில் காய்ச்சலும் இருமலும் மூச்சுத் திணறலும் வரும். அந்த இடத்தை விட்டு விலகியிருந்தால் தணியும். இது அரிது. ஆனால், ஒரே அறையில் இருக்கும்போது மட்டும் திரும்பத் திரும்ப இருமல் வருகிறவர், மருத்துவரிடம் ஏ.சி.யைப் பற்றியும் சொல்வது நல்லது.

ஒரு பயத்தை மட்டும் விலக்கிவிட வேண்டும். 1976 ஜூலையில் ஃபிலடெல்ஃபியாவின் பெலவ்யூ-ஸ்ட்ராட்ஃபோர்டு ஹோட்டலில் அமெரிக்கன் லீஜன் அமைப்பின் முன்னாள் படைவீரர்கள் கூடிய மாநாட்டுக்குப் பின் பரவிய மர்ம நிமோனியா 34 உயிர்களைப் பறித்தது. அடுத்த சில மாதங்களில் ஜோசஃப் மெக்டேட் என்ற ஆய்வாளர் கண்டுபிடித்த பாக்டீரியத்துக்கு லீஜியோனெல்லா என்று பெயர் வைத்தார்கள். அது பெருகுவது பெரிய கட்டடங்களின் கூலிங் டவர் போன்ற இடங்களில், வெதுவெதுப்பாகத் தேங்கி, பின் நுண்துளிகளாகத் தெறிக்கும் நீரில். வீட்டு ஸ்ப்ளிட் ஏ.சி.யில் கூலிங் டவர் கிடையாது. அதில் வடியும் நீரும் குளிர்ந்தது. வீட்டு ஏ.சி.யின் கவலைகள் பூஞ்சை, ஒவ்வாமை, தேங்கிய காற்று ஆகியவைதான். தும்மல் எல்லாவற்றுக்கும் பூஞ்சையைக் குற்றம் சொல்லவும் கூடாது. குளிர்ந்த காற்று நேரே முகத்தில் அடிப்பதே சிலருக்கு மூக்கடைப்பைத் தரும்.

கழுவுவது எப்படி, காய வைப்பது எப்படி

தினமும் ஓடும் ஏ.சி.க்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஃபில்டரைக் கழுவ வேண்டும். சாலையோர வீடு, நாய் பூனை வளரும் வீடு என்றால் வாரம் ஒருமுறை. முன் மூடியைத் தூக்கி வலைச் சட்டங்களை உருவி எடுத்து, தூசி படிந்த பக்கம் கீழே இருக்கும்படி பிடித்து, மறுபக்கத்திலிருந்து குழாய் நீரைப் பாய்ச்சினால் தூசி வந்த வழியே வெளியேறும். தூசிப் பக்கத்தில் நீரை அடித்தால் அது வலைக்குள் இன்னும் அழுந்தும். நிழலில் காய வைக்க வேண்டும். வெயிலில் போட்டால் சட்டம் நெளிந்து, சரியாகப் பொருந்தாமல் இடுக்கு விட்டுவிடும்.

அடைபட்ட ஃபில்டரோடு ஓடினால் காயிலுக்குப் போதிய காற்று வராது. வெப்பம் கிடைக்காத காயில் மேலும் குளிர்ந்து உறைநிலைக்குக் கீழே போகும். படிந்த நீர் பனிக்கட்டியாகும். கூலிங் குறையும்; அணைத்ததும் கட்டி உருகி சுவரில் ஒழுகும். இதே அறிகுறிகள் கேஸ் குறைந்தாலும் வரும் என்பதால்தான் பல வீடுகளில் அழுக்கு ஃபில்டருக்குக் கேஸ் நிரப்பும் செலவு செய்யப்படுகிறது. கேஸ் என்பது மூடிய குழாய்க்குள் சுற்றிக்கொண்டே இருப்பது. அது எரிந்து தீர்வதில்லை. குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது. கசிவைக் கண்டுபிடித்து அடைக்காமல் நிரப்பினால் அடுத்த ஆண்டும் நிரப்ப வேண்டும்.

காயிலையும் ப்ளோயரையும் கழுவ மெக்கானிக் வேண்டும். கோடைக்கு முன் ஒன்று, கோடை முழுக்க ஓடி முடித்தபின் ஒன்று என ஆண்டுக்கு இரண்டு 'வாட்டர் சர்வீஸ்' சரியாக இருக்கும். நல்ல சர்வீஸ் எப்படி இருக்கும் என்று தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. முதலில் மின் இணைப்பைத் துண்டிப்பார். முன் மூடியைக் கழற்றி, மின்னணுப் பலகையைப் பாலிதீனால் மூடி, அடியில் நீரைப் பிடிக்கப் பையைக் கட்டுவார். பிரஷர் பம்பால் காயிலின் தகடுகளை ஒட்டியே மேலிருந்து கீழாக நீரைப் பாய்ச்சுவார். குறுக்கே அடித்தால் தகடுகள் மடங்கி அடைத்துக்கொள்ளும். அடுத்து ப்ளோயரைக் கையால் சுற்றிச் சுற்றி, ஒவ்வோர் இறக்கையையும் அடிப்பார். வாளியில் முதலில் இறங்கும் நீர் கறுப்பாகக் குழம்பி வரும். தெளிவாக வரும்வரை நிறுத்தக் கூடாது. முன்பக்கத்துக் காயிலில் மட்டும் நீர் அடித்துவிட்டுக் கிளம்பினால் பாதி வேலைதான் ஆகியிருக்கும், வாடை இருக்கிற பாதி அப்படியே இருக்கும். கடைசியில் ட்ரேயைத் தேய்த்துக் கழுவி, ஒரு குவளை நீரை அதில் ஊற்றி, வெளிக்குழாயில் தடையில்லாமல் வருகிறதா என்று பார்க்கச் சொல்ல வேண்டும். அமிலம் கலந்த கிளீனர் அலுமினியத்தை அரிக்கும். ரூம் ஸ்பிரே வாடையை மறைக்குமே தவிர, பூஞ்சையைத் தொடாது.

நீர் வெளியேறும் குழாயும் கவனிக்க வேண்டியது. அது வழி நெடுக இறங்கு சரிவாக இருக்க வேண்டும். அடுக்குமாடி வீடுகளில் அதைக் கழிவுநீர்க் குழாயோடு நேரே இணைத்துவிடுவது உண்டு. இடையில் நீர் நிற்கும் வளைவு இல்லாவிட்டால் சாக்கடை வாடை ஏ.சி. வழியாகப் படுக்கையறைக்கு வரும். குழாயின் கீழே வாளி வைத்திருப்பவர்கள் வாரம் ஒருமுறை அதைக் கொட்டி, உள்சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு, தெளிந்து தேங்கிய நீரை ஒட்டிய பாத்திரச் சுவரில் முட்டையிடும். முட்டை கொசுவாக 7 முதல் 10 நாள் போதும்.

அடுத்தது காய வைப்பது. காலையில் எழுந்ததும் ஏ.சி.யை அப்படியே அணைத்தால் ஈரக் காயில் இருட்டுப் பெட்டிக்குள் பல மணி நேரம் ஊறிக்கிடக்கும். அணைக்கும் முன் 'ஃபேன்' நிலைக்கு மாற்றி, ஜன்னலைத் திறந்துவைத்து, 20 நிமிடம் ஓடவிட்டால் காயில் காயும். இரவெல்லாம் அடைந்துகிடந்த காற்றும் வெளியேறும். புதிய மாடல்கள் சிலவற்றில் இருக்கும் 'ஆட்டோ கிளீன்' வசதியும் இதைத்தான் தானாகச் செய்கிறது. ஆனால், அறை மூடியிருக்கும்போது, குளிரூட்டல் நின்ற இடைவெளிகளில் ஃபேன் மட்டும் ஓடினால், காயிலில் உள்ள நீர் திரும்ப ஆவியாகி அறைக்கே வந்துவிடும். அமெரிக்காவின் ஃப்ளோரிடா சூரிய ஆற்றல் மையத்தின் ஆய்வாளர்கள் இதை அளந்தே காட்டியிருக்கிறார்கள்.

சின்ன அறைக்குப் பெரிய ஏ.சி. வாங்குவதிலும் இதே சிக்கல். அது சட்டென்று குளிர வைத்துவிட்டு நின்றுவிடும். ஈரத்தைப் பிழிய அவகாசம் இருக்காது. அறை சில்லென்றும் பிசுபிசுப்பாகவும் இருக்கும். 18 டிகிரியில் வைப்பவர்கள் வீட்டில் பீரோவின் பின்புறச் சுவரில் பூஞ்சை வருவதற்கும் காரணம் உண்டு: அவ்வளவு குளிர்ந்த சுவரில், கதவைத் திறக்கும்போது நுழையும் 25 டிகிரி பனிநிலை கொண்ட காற்று பட்டால் சுவரே வியர்க்கும். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஈரப்பதமானி ஒன்றை அறையில் வைத்து, 60 சதவீதத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டால் பூஞ்சைக்கு இடமிருக்காது.

சுத்தமான ஏ.சி.யும் செய்ய முடியாதது

பளபளவென்று கழுவிய ஏ.சி.யும் அறைக்குள் புதுக் காற்றைக் கொண்டுவராது. தூங்கும் இருவர் சேர்ந்து மணிக்கு ஏறக்குறைய 20 லிட்டர் கார்பன் டை ஆக்சைடை வெளிவிடுகிறார்கள். வெளிக்காற்றில் அதன் அளவு பத்து லட்சத்தில் 420 பங்கை ஒட்டி இருக்கிறது. முன்சொன்ன 34 கன மீட்டர் அறையை இடுக்கில்லாமல் மூடினால் மணிக்குச் சுமார் 600 பங்கு ஏறும். முதல் மணி நேரத்தில் 1,000, மூன்றாவதில் 2,200. கதவிடுக்கில் ஓரளவு கசிவதால் உண்மையில் சற்றுக் குறைவாக இருக்கும்.

அந்த 1,000-ஐ நல்ல காற்றின் எல்லையாகக் கொள்வதற்கு நீண்ட வரலாறு உண்டு. மியூனிக் நகரின் சுகாதார அறிஞர் மாக்ஸ் ஃபான் பெட்டன்கோஃபர் 1858-இலேயே, மக்கள் கூடும் அறைகளின் காற்றைப் ஒரு காரக் கரைசலோடு வினைபுரிய வைத்துக் கார்பன் டை ஆக்சைடை அளந்தார். 0.1 சதவீதத்தை, அதாவது பத்து லட்சத்தில் 1,000 பங்கைத் தாண்டினால் அந்த அறையின் காற்று வாழ்வதற்கு ஏற்றதில்லை என்றார். அந்த வாயுவே நஞ்சு என்று அவர் சொல்லவில்லை. ஓர் அறையில் அது ஏறுகிறது என்றால், மனித உடலும் மூச்சும் வெளிவிடும் மற்ற எல்லாமும் கூடவே சேர்ந்துகொண்டிருக்கின்றன என்பதன் அடையாளமாகவே அதைக் கொண்டார். இன்றைய கையடக்கக் கருவிகள் அதே வாயு அகச்சிவப்பு ஒளியை எவ்வளவு விழுங்குகிறது என்று பார்த்துச் சொல்கின்றன. அவற்றின் பயனும் அதே அடையாளம் காட்டுவதுதான்.

டென்மார்க் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மாணவர் விடுதி அறைகளில் இதைச் சோதித்தார்கள். ஒரு வாரம் அறை வழக்கம்போல். இன்னொரு வாரம் வெளிக்காற்றைக் கொண்டுவரும் சிறு விசிறியோடு. விசிறி இல்லாத இரவுகளில் சராசரி 2,400 பங்கை ஒட்டி இருந்தது. விசிறி ஓடியபோது 800-ஐ ஒட்டி இறங்கியது. புதுக் காற்று வந்த வாரத்தில் மாணவர்கள் நன்றாகத் தூங்கினார்கள். மறுநாள் தர்க்கச் சோதனையிலும் மேம்பட்டார்கள்.

நோய்த்தொற்று இருக்கும்போது இது இன்னும் தீவிரமாகிறது. 2020 ஜனவரி 24 அன்று சீனாவின் குவாங்சோ நகரில், ஜன்னல் இல்லாத ஓர் உணவக மாடியில், அடுத்தடுத்த மூன்று மேசைகளில் மூன்று குடும்பங்கள் மதிய உணவு சாப்பிட்டன. அவர்களில் 10 பேருக்குக் கொரோனா உறுதியானது. அதே தளத்தில் இருந்த மற்ற 73 வாடிக்கையாளர்களுக்கும் 8 ஊழியர்களுக்கும் வரவில்லை. பிறகு ஹாங்காங் பல்கலைக்கழகத்தின் யூகுவோ லீ குழுவினர் அந்த இடத்திலேயே தடயவாயுவை விட்டு, அது எங்கே போகிறது என்று அளந்தார்கள். ஒரு ஏ.சி. அந்த மூன்று மேசைகளின் காற்றையே வளைத்து வளைத்துச் சுற்றிக்கொண்டிருந்தது தெரிந்தது. ஒருவருக்கு நொடிக்கு ஒரு லிட்டர் அளவே வெளிக்காற்று கிடைத்திருந்தது. உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பது 10 லிட்டர். வீட்டில் ஒருவருக்குச் சளிக்காய்ச்சல் என்றால், எல்லோரும் ஒரே ஏ.சி. அறையில் கதவைச் சாத்திப் படுப்பதைத் தவிர்ப்பதற்கு இதைவிடத் தெளிவான காரணம் வேண்டியதில்லை.

மூடிய அறையில் புகை இன்னொரு பெரிய தீங்கு. ஒரு கொசுவர்த்திச் சுருள் முழுதாக எரிந்தால் வெளிவரும் பி.எம். 2.5, 75 முதல் 137 சிகரெட்டுகள் வெளிவிடும் அளவுக்குச் சமம் என்று 2003-இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. அவ்வளவும் ஏ.சி.யின் வலையைத் தாராளமாகத் தாண்டி, இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை சுற்றிவரும். குழந்தை தூங்கும் ஏ.சி. அறையில் கொசுவர்த்தியும் ஊதுபத்தியும் கூடவே கூடாது. கொசுவலை கட்டுவது மேல்.

புதுக் காற்றுக்கு ஆகும் செலவு

ஜன்னலைத் திறந்தால் கரன்ட் பில் ஏறும் என்ற தயக்கம் நியாயமானதே. எவ்வளவு ஏறும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இருவருக்கு நொடிக்கு 20 லிட்டர் என்றால் மணிக்கு 72 கன மீட்டர். இரவில் வெளியே 28 டிகிரி, 80 சதவீத ஈரப்பதம் என்று வைத்துக்கொண்டால், அந்தக் காற்றிலிருந்து ஏ.சி. கூடுதலாகப் பிழிய வேண்டிய நீர் மணிக்கு முக்கால் லிட்டருக்குச் சற்று அதிகம். அந்த நீரையும் வெப்பத்தையும் நீக்கச் செலவாகும் மின்சாரம் மணிக்கு 0.2 யூனிட்டுக்கும் குறைவு. எட்டு மணி நேரத் தூக்கத்துக்கு ஒன்றரை யூனிட். மறுபக்கம், வெப்பநிலையை ஒரு டிகிரி உயர்த்தினால் ஏறக்குறைய 6 சதவீத மின்சாரம் மிச்சமாகும் என்கிறது மத்திய அரசின் எரிசக்தித் திறன் வாரியம். 2020 முதல் நட்சத்திர முத்திரை பெற்ற ஏ.சி.கள் 24 டிகிரியில் தொடங்கும்படி வடிவமைக்கப்படுவதும் அதனால்தான். இரவுக்கு எட்டு யூனிட் செலவழிக்கும் அறையில் 22-இலிருந்து 25-க்கு ஏற்றி, மின்விசிறியை மெல்லச் சுழலவிட்டால், புதுக் காற்றின் செலவு ஏறக்குறைய ஈடாகிவிடும்.

காற்றை வரவிடும் வழிகளும் எளியவை. ஜன்னலை ஒரு விரற்கடை திறந்துவைத்து, கொசுவலை அடிக்கலாம். குளியலறை படுக்கையறையோடு சேர்ந்திருந்தால், அதன் எக்ஸாஸ்ட் ஃபேனை அவ்வப்போது ஓடவிட்டாலே பழைய காற்று வெளியேறி, இடுக்குகள் வழியாகப் புதியது நுழையும். போகி அன்று விடியற்காலை, பக்கத்தில் குப்பை எரியும்போது, தெருவில் ஜெனரேட்டர் ஓடும்போது மூடியே வைத்திருக்க வேண்டும். பிரதான சாலையை ஒட்டிய வீடுகளில் வெளிக்காற்றே மாசு என்பதால், திறக்கும் நேரத்தை நள்ளிரவுக்குப் பின்னோ, போக்குவரத்து தொடங்கும் முன்னோ வைத்துக்கொண்டு, ஹெப்பா ஃபில்டர் உள்ள காற்றுச் சுத்திகரிப்பான் ஒன்றைத் துணைக்கு வைக்கலாம். நுண்துகளைப் பிடிப்பது அதன் வேலை, கார்பன் டை ஆக்சைடை அது தொடாது.

புதிதாக வீடு கட்டுகிறவர்களுக்கும் உள் அலங்காரம் செய்கிறவர்களுக்கும் இன்னும் நல்ல வாய்ப்பு இருக்கிறது. ஏ.சி. குழாய்க்காகச் சுவரைத் துளைக்கிற அதே நாளில், படுக்கையறை வெளிச்சுவரில் நான்கு அங்குலத் துளை ஒன்றும் போட்டு, ஃபில்டர் வைத்த சிறு காற்றுவிசிறியைப் பொருத்தச் சொல்லலாம். எலக்ட்ரீஷியனிடம் அதற்கொரு பாயின்ட் கேட்க மறக்கக் கூடாது. பூச்சு வேலை முடிந்தபின் கேட்டால் சுவரை மறுபடி உடைக்க வேண்டியிருக்கும்.